நாற்பத்தெட்டு சைபர்

பொய் எழுதச் சொல்லி நாற்பத்தெட்டு வீட்டுக் கதவையும் தட்டியவர் லிஃப்ட்காரர்தான். இதில் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

அந்தக் குடியிருப்பில் அவர் சொன்னால் கேட்பார்கள். எட்டுத் தளம், தளத்துக்கு ஆறு வீடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு லிஃப்ட். கம்பெனிக்காரன் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போன பிறகு, இவர் மேலே மோட்டார் அறைக்கு ஏறுவார். எதையோ முறுக்குவார், எதையோ தட்டுவார், நாலு கெட்ட வார்த்தை சொல்வார். லிஃப்ட் ஓடும். முப்பது வருடம் அதுதான் தொழில். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பார். அச்சடித்த காகிதத்தைக் கண்டால் மட்டும் பாம்பைக் கண்டதுபோல் நாலடி தள்ளி நிற்பார்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் நகரசபையிலிருந்து ஒருவன் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். மொட்டை மாடியை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்று சிரித்த முகமாகக் கேட்டான். துணி காயப் போடுகிறோம், சாயங்காலம் காற்று வாங்குகிறோம், பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்கள். அவன் எழுதிக்கொண்டு போனான். அடுத்த வாரம் மொட்டை மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. பாதுகாப்பாம். சாவி யாரிடம் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தவளை தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்னதில்லை என்று லிஃப்ட்காரர் அன்றைக்குப் புரிந்துகொண்டார். எது நம்மிடம் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்கிறோமோ, அதைத்தான் பிடுங்குவான்.

அதனால்தான், கையில் படிவக் கட்டோடு ஒரு பெண் வந்து முதல் வீடாக அவருடைய ஐந்தாம் தளத்து வீட்டு மணியை அடித்து, "பின்பக்கத்துப் பசுமைப் பரப்பை வாரத்துல எத்தனை மணி நேரம் பயன்படுத்துறீங்க ஐயா?" என்று கேட்டபோது, அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

"எந்தப் பசுமை? எந்தப் பரப்பு?" என்றார்.

"பின்னாடி மரமெல்லாம் இருக்கே ஐயா, தண்ணித் தொட்டி பக்கத்துல."

"அதுவா? அது வெறும் புதர். பாம்பு இருக்கும். ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதில்லை. சைபர்னு போட்டுக்கம்மா."

அந்தப் பெண் ஏமாற்றத்தோடு சைபர் போட்டாள். இரண்டாவது கேள்வி வந்தது. "வீட்டுல யாருக்காவது தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு இந்த மாதிரி..."

"எங்க வீட்டுல எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். இல்லைன்னு போடு."

அவர் அப்படிச் சொன்ன அந்த நிமிடத்தில், ஐந்து தளத்துக்குக் கீழே, பாம்பு இருக்கும் என்று அவர் சொன்ன அதே புதரில், அவருடைய மச்சினன் மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை யாரும் நட்டு வளர்க்கவில்லை. கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே குப்பை கொட்ட விட்ட இடம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து வழிந்து தரை எப்போதும் ஈரம். எங்கிருந்தோ ஒரு தூங்குமூஞ்சி மரம் முளைத்து, கேட்பாரில்லாமல் நாலாம் தளம் வரைக்கும் உயர்ந்து, குடைபோல் விரிந்துவிட்டது. கூட ரெண்டு வேப்பமரம், பெயர் தெரியாத செடி கொடி. கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன சிமென்ட் குழாய் ஒன்று, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. மூன்றாம் தளத்துத் தையல்காரம்மா மத்தியானம் பட்டன் கட்ட அங்கேதான் வருவார். கணக்கெழுதும் ஒருவர் வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் அங்கே அரைமணி நேரம் சும்மா நின்றுவிட்டுப் போவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவர் வீட்டுச் சத்தம் எல்லாருக்கும் தெரியும்.

மச்சினன் அங்கே போன காரணம் வேறு. அவன் பேருந்து ஓட்டுநர். ஒன்றரை வருடத்துக்கு முன், நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள் திடீரென்று சாலைக்குள் வந்துவிட்டார். பிரேக் பிடித்தது, வண்டி நின்றது, ஆனால் நிற்பதற்கு ஒரு கை தூரம் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. விசாரணையில் ஓட்டுநர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் கை நடுக்கம் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. கல்யாணம் ஆகாதவன், தனியாக விடக்கூடாது என்று அக்காள் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். டிப்போவில் இடுப்பு வலி என்று சொல்லி நீண்ட விடுப்பு. அக்கம் பக்கத்திலும் இடுப்பு வலிதான்.

கூட்டி வந்த வீட்டில் ஒரு வினை இருந்தது. லிஃப்ட் ஓடும் குழி அந்த வீட்டுச் சுவரை ஒட்டித்தான் போகிறது. ஒவ்வொரு முறை லிஃப்ட் வந்து நிற்கும்போதும் சுவருக்குப் பின்னால் "தொம்" என்று ஒரு சத்தம். வீட்டுக்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. மச்சினனுக்கு ஒவ்வொரு தொம்முக்கும் உடம்பு தூக்கிப் போடும். சோறு தொண்டையில் நிற்கும். லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். பிரேக்கைத் தளர்த்தினார், ரப்பர் வைத்தார். சத்தம் பாதியானது. பாதிச் சத்தம் முழுச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது, உண்மையிலேயே ஒரு ஆள்மேல் வண்டி படுவதுபோல.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆள். "மாத்திரை ரெண்டு வேளை, மரம் ரெண்டு மணி நேரம். ரெண்டையும் விடக்கூடாது" என்று சொல்லி, மரத்தையும் சீட்டிலேயே எழுதிவிட்டார்.

"படிச்சவங்க பேசற பேச்சா இது? மரம் என்ன கஷாயமா?" என்று லிஃப்ட்காரர் வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆனால் பன்னிரண்டாம் நாள், தூங்கியே நாலு மாதமான மச்சினன் அந்த மரத்தடியில் குறட்டை விட்டதை அவர் கண்ணால் பார்த்தார். அந்த இடத்தில் லிஃப்ட் சத்தம் கேட்காது. குடியிருப்பு முழுவதிலும் அந்தச் சத்தம் கேட்காத இடம் அது ஒன்றுதான். அன்று முதல் அவர் டாக்டரம்மாவைத் திட்டுவதை விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட இடத்தைத்தான் எவனோ அளக்க வந்திருக்கிறான். விடுவாரா? அந்தப் பெண் ஆறாம் தளத்துக்கு லிஃப்டில் போவதற்குள் இவர் படியேறி முன்னால் போய்விட்டார். வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "சைபர்னு போடுங்க. மாடி போன மாதிரி இதுவும் போயிடும்."

தையல்காரம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ரெண்டாவது கேள்விக்கு என்னங்க போடறது? எனக்குத்தான் தூக்கமே வர்றதில்லையே."

"இல்லைன்னு போடும்மா."

"ஏன், தூக்கம் வரலைன்னு போட்டா கட்டிலையும் எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

"எடுத்துட்டுப் போனாலும் போவான். மூடிக்கிட்டு இல்லைன்னு போடு."

நாற்பத்தெட்டு வீடும் சைபர். நாற்பத்தெட்டு வீட்டிலும் மனக்கவலை என்ற பேச்சே இல்லை. அந்தப் பெண் படியிறங்கிப் போகும்போது, இவ்வளவு சந்தோஷமான கட்டடத்தைத் தான் பார்த்ததே இல்லை என்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். லிஃப்ட்காரர் அன்று ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ரெண்டு மாதம் கழித்து, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். லிஃப்ட்காரர் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது மச்சினன் தோளுக்கு மேல் பார்த்துப் படித்தான். குடியிருப்பாளர் எவரும் பயன்படுத்தாத பின்புற நிலம் வாகன நிறுத்துமிடமாக மாற்றப்படும். மரங்கள் அகற்றப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் இந்தத் தேதியில் இன்ன அறையில் நேரில் சொல்லலாம்.

"பார்த்தியா மச்சான், பார்த்தியா!" என்று லிஃப்ட்காரர் குதித்தார். "நான் சொன்னேனா இல்லையா? அளக்க வந்தாலே பிடுங்கத்தான்!"

மச்சினன் அந்த ஒரு வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றான். "அத்தான்... எவரும் பயன்படுத்தாதன்னு போட்டிருக்கு."

"ஆமா, அதுக்கென்ன?"

"அது நாம எழுதிக் கொடுத்தது."

லிஃப்ட்காரர் அந்த வரியை இன்னொரு முறை எழுத்துக் கூட்டினார்.

மறுநாளே நகரசபைக்குப் போனார். மூன்று மேசை மாறி, நாலாவது மேசையில் அந்தப் படிவக்காரப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"ஏம்மா, உன்னை நம்பித்தானே எழுதினோம்!" என்று ஆரம்பித்தார். நம்பாமல்தான் எழுதினார்கள் என்பது அவருக்கே தெரியும். கோபத்தில் வாய் அப்படித்தான் வந்தது.

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "ஐயா, அந்தக் கணக்கெடுப்பே மரங்களைக் காப்பாத்தறதுக்குத்தான். ஜனங்க மனசுக்கு எந்த இடம் உதவுதோ அதையெல்லாம் பட்டியல் போட்டு, யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அறிவிக்கிறதா இருந்தது. இந்தப் பகுதியில பதினோரு இடம் சேர்த்திருக்கோம். உங்க இடத்தைத்தான் நான் முதல்ல நினைச்சு வந்தேன். சிமென்ட் குழாய் தேஞ்சிருந்ததைப் பார்த்தேன். ஒத்தையடிப் பாதை கிடந்ததைப் பார்த்தேன். ஆனா நாற்பத்தெட்டு வீடும் சைபர் போட்டா நான் என்ன பண்ணட்டும்?"

"பார்த்தேன்னு சொல்றியே, பார்த்ததை எழுத வேண்டியதுதானே?"

"பார்த்ததை எழுத அந்தப் படிவத்துல இடம் இல்லை ஐயா."

லிஃப்ட்காரர் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறார். நாற்பத்தெட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒருத்தனே வைத்ததை இப்போதுதான் பார்க்கிறார். ஏமாற்ற வராத ஒரே ஒருத்தியைத் தேடிப் பிடித்து ஏமாற்றியிருக்கிறார். ஆனால் வெட்கம் வந்த அதே வேகத்தில் கோபமும் வந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு மரம் நிற்கிறது. அடியில் ஆள் உட்கார்ந்த தடம் கிடக்கிறது. பார்த்தவளும் இருக்கிறாள். அதெல்லாம் சாட்சி இல்லை, சைபர்தான் சாட்சி என்றால் இது என்ன ஆபீஸ்? மூன்று வருடத்துக்கு முன் மாடியைப் பூட்டினவன் பூட்டாமல் இருந்திருந்தால், இவர் ஏன் பொய் சொல்கிறார்?

"ஆட்சேபம் சொல்லுங்க ஐயா" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "சும்மா வேணும்னு சொன்னா எடுபடாது. யாராவது ஒருத்தர் உடம்புக்கோ மனசுக்கோ அந்த இடம் தேவைன்னு, டாக்டர் சீட்டோட, பேரோட சொல்லணும்."

லிஃப்ட்காரர் அப்படியே படியிறங்கி வந்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "என் தம்பியைச் சபையில நிறுத்திப் பைத்தியம்னு சொல்லப் போறீங்களா?"

"நான் எப்படி சொன்னேன்?"

"வேற எப்படி? சீட்டைக் காட்டினா டிப்போவுக்குத் தெரியும். தெரிஞ்சா ஸ்டியரிங்கைத் திரும்பக் கொடுப்பானா? பொண்ணு கொடுப்பானா எவனாவது? சைபர் போடச் சொன்னது நீங்க. அவன் தலையை அடமானம் வைக்கிறதும் நீங்களா?"

பக்கத்து அறையில் மச்சினன் இருந்தான். கேட்டிருப்பான். வெளியே வரவில்லை.

விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே தகரம் வந்து இறங்கியது. ஆட்சேபம் கேட்பதற்கு முன்பே அடைக்கலாம், வெட்டத்தான் கூடாதாம். சட்டத்தில் அப்படி ஒரு சந்து. காலையில் வந்தவர்கள் மத்தியானத்துக்குள் ஆளுயரத் தகரத்தால் அந்த இடத்தைச் சுற்றி அடைத்துவிட்டார்கள். மேலே மரத்தின் தலை மட்டும் தெரிந்தது. தையல்காரம்மா துணிக் கூடையோடு வந்து தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கணக்கெழுதுகிறவர் அன்று சாயங்காலம் வாசலிலேயே ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

மச்சினன் வீட்டுக்குள் வந்துவிட்டான். தொம். தொம். நாற்பத்தெட்டு வீட்டு ஜனமும் ஏறி இறங்குகிற லிஃப்ட். முதல் மூன்று நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். நாலாம் நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்தான். ஆறாம் நாள் சாப்பாட்டுத் தட்டு கையிலிருந்து விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. மேசைக்கு அடியிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான். அக்காள் தலையைத் தடவித் தடவிக் கூப்பிட்டாள். லிஃப்ட்காரர் மோட்டார் அறைக்கு ஏறினார். மெயின் சுவிட்சைப் பிடுங்கிப் போட்டார். "பழுது" என்று ஒரு அட்டையை எழுதிக் கதவில் மாட்டினார். ழகரம் ளகரமாகியிருந்தது, யாரும் அதைச் சொல்லவில்லை. அரை நாள்தான். எட்டாம் தளத்தில் ஒரு நோயாளியை இறக்க வேண்டும் என்று வந்து கெஞ்சினார்கள். திரும்ப மாட்டிவிட்டு வந்தார்.

விசாரணைக்கு நாற்பத்தெட்டு வீட்டையும் கூப்பிட்டார். "சைபர்னு கையெழுத்துப் போட்டாச்சே, இப்ப மாத்திச் சொன்னா பொய் கேஸ் ஆயிடாதா?" என்றார்கள். "உங்க வீட்டுல யாருக்கோ ஏதோன்னு பேசிக்கிறாங்களே, நிசமா?" என்று கதவிடுக்கில் மூக்கை நீட்டினார்கள். கடைசியில் கிளம்பியது நாலு பேர். லிஃப்ட்காரர், மனைவி, தையல்காரம்மா, மச்சினன். மச்சினன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பேருந்தில் ஏற மாட்டான் என்பதால் நாலு பேரும் நடந்தே போனார்கள். முக்கால் மணி நேர வழி. நிழல் என்று ஒரு இடம் கிடையாது. தையல்காரம்மா பேப்பரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "நகரசபைக்குப் போற வழியிலாவது ஒரு மரத்தை விட்டு வெச்சிருக்கக் கூடாது?" என்றார்.

அந்த அறையில் ஜன்னல் இல்லை. அதிகாரி கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் லிஃப்ட்காரருக்கு இன்னும் எரிச்சல். சண்டை பிடிக்க ஒரு கெட்ட மூஞ்சியாவது இருக்க வேண்டாமா?

அதிகாரி படிவக் கட்டைப் புரட்டினார். "ஐந்தாம் தளம். நீங்கதானே? வாரத்துக்கு சைபர் மணி. இது உங்க கையெழுத்துதானே பெரியவரே?"

"என்னுதுதான்."

"அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்லப் போறது பொய்யா?"

"எழுதினது பொய். நாற்பத்தெட்டும் பொய். வீடு வீடாப் போய்ப் பொய் சொல்லச் சொன்னவனும் நான்தான். கேஸ் போடறதுன்னா என் மேல போடுங்க, மரத்து மேல போடாதீங்க."

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நிசம் சொன்ன தடவை மாடியைப் பூட்டினீங்க."

தையல்காரம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது. அடக்கிக்கொண்டார். "மாடி வேற துறைங்க. எனக்கு முன்னால இருக்கிற காகிதம்தான் எனக்குக் கண்ணு. அந்த இடம் யாருக்குத் தேவை? பேரு, காரணம், சீட்டு. இருந்தா எழுதறேன். இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்குத்தான் தேவை. எனக்குத்தான் மனசு சரியில்லை. எழுதிக்கங்க."

"சீட்டு?"

"என் மூஞ்சியைப் பார்த்தா தெரியலையா? சீட்டு வேற வேணுமா?"

"அத்தான், உக்காருங்க" என்றான் மச்சினன். எழுந்து நின்றிருந்தான். நாற்காலியின் முதுகை ரெண்டு கையாலும் பிடித்திருந்தான், நாற்காலி கடகடவென்று ஆடியது.

"நான் பஸ் டிரைவருங்க. என் வண்டியில ஒரு அம்மா அடிபட்டு இறந்துட்டாங்க. என் மேல தப்பில்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. எங்க வீட்டுச் சுவருக்குப் பின்னால லிஃப்ட் ஓடுது. வந்து நிக்கும்போது ஒரு சத்தம் வரும். அதே சத்தம். ஒரு நாளைக்கு எரநூறு தடவை, முந்நூறு தடவை அந்த அம்மாவை நான் இடிக்கிறேன்." மூச்சு வாங்கினான். "அந்த மரத்தடியில அந்தச் சத்தம் கேக்காது. இலைதான் சத்தம் போடும். அங்கதான் தூங்கறேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டீங்க. இருபது மணி நேரம்."

அதிகாரி பேனாவைத் திறந்து, எழுதாமல் கேட்டார். "உங்க டிப்போவுக்கு இது தெரியுமா தம்பி?"

"இனிமே தெரியும்."

அப்போதுதான் அக்காள் எழுந்தாள். பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள், அதை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் முகத்தை மூடிக்கொண்டாள்.

லிஃப்ட்காரருக்கு அடக்க முடியவில்லை. மேசையில் ஓங்கி அறைந்தார். "ஏன் சார், உங்க வீட்டு ஜன்னலைத் திறக்க நீங்க எவன்கிட்டயாவது சீட்டுக் காட்டறீங்களா? ஒரு மனுசன் ஒரு மரத்தடியில உக்கார, தன் மனசைச் சட்டை மாதிரிக் கழட்டிச் சபையில காட்டணுமா? காரை நிறுத்த வர்றவன் எந்தச் சீட்டைக் காட்டினான்? தனக்கு என்ன வியாதின்னு சொன்னானா அவன்?"

"பெரியவரே, சத்தம் போடாதீங்க."

"போடுவேன். சத்தத்தாலதான் இத்தனையும்."

மச்சினன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். யாருக்கு மனசு சரியில்லை என்று பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. மரங்கள் வெட்டப்படாது. தகரத்தைப் பிரித்தார்கள். அதே வாரத்தில் டிப்போவிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. இனி ஓட்டுநர் வேலை இல்லை, உதிரிபாக அறையில் வேலை. உடல் தேறியதும் வரலாம். அக்காள் அந்தக் கடிதத்தை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவதுபோல் ரெண்டு நாள் தேடிக்கொண்டே இருந்தாள். மச்சினன் சாப்பிட்டான், இறங்கிப் போனான், தூங்கினான்.

தகரம் போன இடத்தில் ரெண்டு இரும்புக் கம்பத்தை நட்டு ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, எட்டாம் தளத்திலிருந்தும் படிக்கலாம்: "மனநலம் பாதிக்கப்பட்டோருக்கான ஓய்விடம். பிறர் இடையூறு செய்யக் கூடாது."

லிஃப்ட்காரர் அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்போது கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. நகரசபைக்கு அதுதான் கணக்கு. யாரோ ஒரு நோயாளி, ஒரு சீட்டு, ஒரு பலகை. எல்லாருக்கும் மூச்சு வாங்க ஒரு இடம் வேண்டும் என்று எழுத அவர்கள் படிவத்தில் இடம் இல்லை. பலகை வந்த நாளிலிருந்து தையல்காரம்மா வரவில்லை. கணக்கெழுதுகிறவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடந்தார். தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அத்தனை பெரிய மரத்தடியில் மச்சினன் ஒருத்தன். நாற்பத்தெட்டு பால்கனியும் பார்க்க, குழாய்மேல் ஒருத்தன்.

நாலாம் நாள் காலை லிஃப்ட்காரர் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினார். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கத்தான் கழற்ற வேண்டும் என்பது அவருடைய முடிவு.

"எதுக்கு அத்தான் ஸ்பேனர்?"

"இந்தச் சனியனைக் கழட்டி நகரசபை வாசல்லயே நட்டுட்டு வர்றேன். அங்க உக்காந்திருக்கிறவனுங்களுக்குத்தான் இது பொருந்தும்."

மச்சினன் எழுந்து வந்து கம்பத்தில் சாய்ந்துகொண்டான். "கழட்டினா, பலகை இல்லை, தேவையில்லாத இடம்னு எழுதிக்குவாங்க. மறுபடி தகரம் வரும்."

"அதுக்காக? உன்னை இப்படி எழுதி ஒட்டியிருக்கானே!"

"எழுதிட்டான். அழிச்சா மட்டும் இல்லைன்னு ஆயிடுமா? இது நிக்கிற வரைக்கும் மரத்து மேல கை வைக்க மாட்டான். இருக்கட்டும் விடுங்க."

லிஃப்ட்காரர் பலகையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பால்கனிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு தலை இருந்தது. எதுவும் கையசைக்கவில்லை. அவருக்கு நாக்கு நுனி வரை வந்த கெட்ட வார்த்தைகளை எந்தத் தளத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. போய்ப் பலகைக்கு நேர் கீழே, குழாய்மேல், காலை அகட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் தளத்து ஜன்னல் திறந்தது. "என்ன லிஃப்ட்காரரே, உங்களுக்கும் பிடிச்சிருச்சா?" என்று தையல்காரம்மா கேட்டார்.

"ஆமா, பிடிச்சிருச்சு! உனக்குப் பிடிச்சு பத்து வருசம் ஆச்சு, மாத்திரை டப்பாவை எந்த அலமாரியில ஒளிச்சு வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். வெட்கப்படாம இறங்கி வா!"

"கட்டடத்துக்கே கேக்குற மாதிரிக் கத்தறீங்களே!"

"கட்டடத்துக்கும் சேர்த்துத்தான் கத்தறேன்!"

ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது. வருகிறாரா, இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாரா, தெரியாது.

காற்று அடித்தது. தலைக்கு மேல் பலகை கடகடவென்று ஆடியது. லிஃப்ட்காரர் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். நாலு போல்ட்டில் ரெண்டு பாதிதான் ஏறியிருந்தது. ஒன்றுக்கு வாஷரே இல்லை. ஒரு மழைக்குத் தாங்காது.

"ஒரு பலகையை ஒழுங்கா மாட்டத் துப்பில்லை, இவனுங்க மனுசன் மனசைச் சரி பண்ண வந்துட்டானுங்க" என்றார். மச்சினனைப் பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஸ்பேனரை நட்டில் மாட்டி, நகரசபையை மேசை மேசையாக, ஒருத்தர் விடாமல் திட்டிக்கொண்டே, நாலு போல்ட்டையும் இனி எவனும் கழற்ற முடியாதபடி முறுக்கினார்.